காப்பியைக் குடிங்க, கேப்டன்

விரல்ல ஊதா மை வச்சுக்கிட்டு, பல்லெல்லாம் காட்டிக்கிட்டு நிக்கிற ஃபோட்டோ எங்க ஊர்ல பாதி வீட்டுச் சுவத்துல தொங்குது. ரெண்டாயிரத்தஞ்சு தேர்தல்ல எடுத்தது. என் வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, கழட்டிப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன். "ஏன் சாஸிப், உனக்கு ஜனநாயகம் புடிக்கலையா?"ன்னு கேக்குறாங்க. புடிக்காம என்ன, நல்லாப் புடிக்கும். ஆனா அது எங்க ஊருக்கு எந்த வழியா வந்துச்சு, வர்ற வழியில யாரை மிதிச்சுக்கிட்டு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். முத்தஷர் வாத்தியாரை மிதிச்சுக்கிட்டு வந்துச்சு. அவரு விரல்ல அந்த ஊதா மை படவே இல்ல.

நான் இராக்குல, தல் சித்ர்ங்கிற ஊர் முதீஃப்ல காப்பி ஊத்துறவன். ஊர்ப் பஞ்சாயத்து, கல்யாணப் பேச்சு, சாவு, விருந்தாளி எல்லாம் அந்த நாணல் மண்டபத்துலதான். என் அப்பா ஊத்துனாரு, இப்ப நான். இடது கையில கெண்டி, வலது கையில நாலஞ்சு கிண்ணம். ஒரு மடக்கு ஊத்திக் கொடுத்து, குடிச்சதும் அதே கிண்ணத்தை வாங்கி அடுத்தவருக்கு. கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. சர்க்கரை கேக்குறவன் எங்க மாப்பிள்ளையா இருந்தாலும் எந்திரிச்சுப் போகட்டும்.

முத்தஷர் பூகோள வாத்தியார். வலது கால் இழுத்து இழுத்து நடப்பாரு. பொறவியில வந்ததில்ல அது. தொண்ணூத்தொண்ணுல ஜனங்க எதுத்துக் கிளம்ப, பழைய ஆட்சி வந்து அடிச்சு நொறுக்குச்சே, அப்ப அவரு பையன் ராஃபித் குண்டடி பட்டுச் செத்தான். பையனைப் பொதைச்ச ஈரம் காயறதுக்குள்ள, அவன் கூட்டாளி ஒருத்தன் ஓடி வந்து வாத்தியார் கால்ல விழுந்தான். "காட்டிக் கொடுத்துடாதீங்க சார்." "கொடுக்க மாட்டேன், போ." அவ்வளவுதான் பேச்சு. போலீஸ் இவரைத் தூக்கிட்டுப் போய் ஒரு வருஷம் வச்சிருந்தாங்க. நகத்தைப் பிடுங்கினாங்க, காலை ஒடைச்சாங்க. அந்தக் கூட்டாளிப் பையன் எங்கன்னு வாயே திறக்கல மனுஷன். அந்தப் பையன் தப்பிச்சு ஈரானுக்குப் போய்ட்டான். அதுலேர்ந்து எங்க ஊர்ல ரெண்டு பேருக்குத் தகராறுன்னா, "முத்தஷர் வாத்தியார் முன்னாடி சொல்லு பாப்போம்"னுதான் கேப்பாங்க. அவரு வாய்லேர்ந்து ஒரு சொல்லு வந்தா வந்ததுதான், திரும்பிப் போகாது.

ரெண்டாயிரத்து மூணுல அமெரிக்காக்காரன் வந்தான். பழைய ஆட்சி ஓடுச்சு. கட்சி ஆபீஸ்லேர்ந்து நாற்காலியைத் தூக்கினவன் தூக்கினான், வாத்தியார் மட்டும் பள்ளிக்கூடத்துக் கதவுல நின்னு ஒரு பெஞ்சைக் கூட வெளிய விடல. அப்புறம் எங்களையெல்லாம் முதீஃப்ல கூட்டி வச்சுச் சொன்னாரு: "நமக்குன்னு ஒரு மேயர் வேணும். யாரும் நியமிக்கக் கூடாது. நாமளே ஓட்டுப் போட்டு வைக்கணும். முப்பத்தஞ்சு வருஷமா ஒரே கட்சிக்கு 'ஆமா' போட்டோம். இந்த ஒரு தடவை நாலு பேர்ல ஒருத்தரைப் பாத்துப் போடுவோம். இந்த ஊர்ல ஒழுங்கா ஒரு ஓட்டு நடத்திட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன். இது என் சொல்லு."

சொல்லுன்னுட்டாரு! அப்புறம் விடுவாரா? ஊரே அதுல எறங்கிடுச்சு. ராஷன் கார்டை வச்சு யார் யாருக்கு ஓட்டுன்னு முடிவாச்சு. வெல்டிங் கடை ஹாதிம், சின்னப் பையன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ராஷன் நெய் டின்னையெல்லாம் சேத்து, மூடியில கோடு வெட்டி, ஓரத்தைப் பத்த வச்சு ஓட்டுப்பெட்டி பண்ணிக் கொடுத்தான். காசு வாங்கல. "சார், இதுல நெய் வாசனை வரும். ஓட்டு எண்ணும்போது பசிக்கும்"னான். ஒருத்தரே ரெண்டு தடவை போடாம இருக்க விரல்ல அடையாளம் வைக்கணும், மை ஏது? வாத்தியார் சம்சாரம் நிஹாயா அண்ணி, "மருதாணி இருக்கே, அதைவிட என்ன வேணும்?"னாங்க. தெருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து தொட்டி தொட்டியா ஊற வச்சாங்க. கல்யாண வீடு தோத்துச்சு.

நாலு பேர் நின்னாங்க. ஒரு வக்கீல், ஒரு மருந்துக்கடைக்காரர், எங்க குலத் தலைவர் ஷேக் நாஹியோட மருமகன், அப்புறம் தலைப்பாகை கட்டின ஒரு மவுலவி. மவுலவிதான் ஜெயிப்பாருன்னு பேச்சு. வாத்தியாருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. "நான் மருந்துக்கடைக்குத்தான் போடுவேன். ஆனா மவுலவி ஜெயிச்சா, அவர் கைப் பிடிச்சுக் கொண்டுபோய் நாற்காலியில உக்கார வைக்கிறதும் நான்தான். பிடிக்கலைன்னா அடுத்த தடவை எறக்குவோம். அதுக்குத்தானேப்பா இது?"ன்னாரு. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

ஓட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், ஜீப்புங்க புழுதியைக் கிளப்பிக்கிட்டு முதீஃப் வாசல்ல வந்து நின்னுச்சு. எங்க பகுதிக்குப் பொறுப்பா இருந்த அமெரிக்கப் பட்டாளத்துக் கேப்டன். கூடவே மொழிபெயர்ப்பு பண்றதுக்கு ஃபாதின்னு ஒரு பையன். இராக்குலதான் பொறந்தானாம், ஆனா பால்குடி மறக்கறதுக்குள்ள அமெரிக்கா போயிட்டான். அரபி பேசுவான், எங்க ஊர் மண்ணு மட்டும் ஒட்டல. ஷேக் நாஹி கண் ஆபரேஷனுக்கு பாக்தாத் போயிருந்தாரு. போறப்பவே, "முத்தஷர், என் இடத்துல நீ உக்காரு. நீ சொன்னா நான் சொன்ன மாதிரி"ன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டுப் போயிருந்தாரு. அதனால நடு இடத்துல வாத்தியார் உக்காந்திருந்தாரு. வலது கை ஆள்காட்டி விரல் செக்கச்செவேல்னு இருந்துச்சு. மருதாணி பிடிக்குதான்னு காலையில தன் விரல்லயே வச்சுப் பாத்திருந்தாரு, மனுஷன்.

கேப்டன் பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வந்தான். சரி, பரவால்லன்னு நெனச்சேன். சம்மணம் போட்டு உக்காந்தான். நான் ஊத்திக் கொடுத்தேன். வலது கையால வாங்கினான். உதட்டுல வச்சான். அப்புறம் மெதுவா, ரொம்ப மரியாதையா, கிண்ணத்தைத் தனக்கு முன்னாடி தரையில வச்சான்.

மண்டபத்துல எல்லார் கண்ணும் அந்தக் கிண்ணத்து மேல போச்சு.

உங்களுக்கு எப்படியோ, எங்க வழக்கத்துல விருந்தாளி காப்பியைக் குடிக்காம கீழ வச்சா, 'உன்கிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கேன், கொடுத்தாத்தான் குடிப்பேன்'னு அர்த்தம். ரத்தப்பழி மன்னிப்பு, பொண்ணு கேக்கறது, தண்ணி விடறது, எல்லாப் பெரிய வேண்டுதலும் அப்படித்தான். என்ன வேணும்னு கேட்டுட்டு, யோசிச்சுட்டு, 'குடி'ன்னு சொல்றவன் சாதாரண ஆளு. கேக்கறதுக்கு முன்னாடியே 'உன் காப்பியைக் குடி'ன்னு சொல்றவன்தான் பெரிய மனுஷன். சொல்லிட்டா முடிஞ்சுது. கழுத்தைக் கேட்டாலும் கொடுத்தாகணும்.

வாத்தியார் முகத்தை நான் பாத்தேன். அப்படியே உருகிடுச்சு. வந்ததுலேர்ந்து கதவை ஒடைச்சு உள்ள வந்த பட்டாளம். பொம்பளை இருக்கிற ரூம்ல பூட்ஸோட நின்ன பட்டாளம். இன்னைக்கு நம்ம மண்டபத்துக்கு வந்து, நம்ம முறைப்படி, துப்பாக்கியை வெளிய வச்சுட்டு வேண்டுதல் வைக்குது! எங்க எல்லாருக்குமே அது என்னன்னு ஒரு யூகம் இருந்துச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல காவலுக்கு ரெண்டு சிப்பாயை நிறுத்தக் கேப்பான், வேறென்ன?

வாத்தியார் நெஞ்சுல கை வச்சு, மண்டபம் பூரா கேக்குற மாதிரி சொன்னாரு: "காப்பியைக் குடிங்க, கேப்டன். நீங்க கேக்க வந்தது கொடுத்தாச்சு."

ஃபாதி அதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னான். கேப்டன் முகத்துல ஒரு நிம்மதி, அடடா! எட்டி வாத்தியார் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். கடகடன்னு பேசினான். ஃபாதி திருப்பிச் சொன்னான்: "கேப்டன் ரொம்ப நன்றி சொல்றாரு. இவ்வளவு சுலபமா முடியும்னு அவரு நெனைக்கல. நாளைக்குத் தேர்தல் ரத்து. இன்னும் நாட்டுல அதுக்கு நேரம் வரலைன்னு மேலிடம் நெனைக்குது. மேயரை அவங்களே நியமிப்பாங்க. நீங்க முழு மனசோட ஒத்துக்கிட்டதை மேல எழுதிடுவாராம்."

வாத்தியார் அந்தச் செவப்பு விரலால தரையில இருந்த கிண்ணத்தைக் காட்டினாரு.

"இதுக்காகத்தான் கிண்ணத்தைக் கீழ வச்சாரா?"ன்னு கேட்டாரு.

ஃபாதி முழிச்சான். கேப்டன்கிட்ட கேட்டான். சிரிச்சுக்கிட்டே திரும்பினான். "கிண்ணமா? அட, அது ஒண்ணுமில்ல சார். அவருக்கு வயிறு சரியில்ல. ரொம்பக் கசப்பா இருந்துச்சாம்."

படுபாவிங்களா! கசப்பா இருந்துச்சாம்! எனக்கு அந்தக் கெண்டியை அப்படியே அவன் தலையில கவுக்கணும் போல இருந்துச்சு.

"அப்ப அவரு கேக்கல. கேக்காததை நான் கொடுக்கல. என் சொல்லு செல்லாது"ன்னாரு வாத்தியார். மூலையில உக்காந்திருந்த பெரியவங்களுக்குள்ள உடனே வாக்குவாதம். "வழக்கம் தெரியாதவன் வச்ச கிண்ணம் கிண்ணமே இல்ல"ன்னு ஒருத்தர். "வச்சவன் எவனா இருந்தா என்ன, சொன்னது நம்ம வாயில்லையா?"ன்னு இன்னொருத்தர். கேப்டன் வாட்சைப் பாத்தான். ஃபாதிகிட்ட ஏதோ சொன்னான். "சார், வீணாச் சண்டை போடாதீங்க"ன்னான் ஃபாதி. "நீங்க ஒத்துக்கிட்டாலும் ரத்து, ஒத்துக்கலைன்னாலும் ரத்து. காலையிலயே உத்தரவு வந்தாச்சு. ஒத்துக்கிட்டது அவருக்கு ஒரு வசதி, அவ்வளவுதான்."

அப்பவே வெளிய சிப்பாய்ங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து டின் பெட்டியெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டிருந்தாங்க. மறுநாள் காலையில ஓட்டுப் போடக் குளிச்சு, புதுத்துணி போட்டு வந்த ஜனங்க பள்ளிக்கூடத்துக் கதவுல ஒட்டின காகிதத்தைத்தான் படிச்சாங்க. 'ஊர்ப் பெரியவர்களின் முழுச் சம்மதத்துடன் தேர்தல் தள்ளி வைக்கப்படுகிறது.' தொட்டியில ஊறுன மருதாணி அப்படியே காஞ்சு வெடிச்சுப் போச்சு.

மேயரா வந்தவன் யாருன்னு நெனைக்கிறீங்க? பழைய ஆட்சியோட பட்டாளத்துல இருந்த ஒரு பிரிகேடியர். மீசையை மட்டும் எடுத்துட்டான். எங்க ஊர்க்காரன் கூட இல்ல. வந்த மாசத்துலயே சிமெண்டு, டீசல் எல்லாம் அவன் மச்சான் கைக்குப் போச்சு.

அமெரிக்காக்காரன்கிட்ட துப்பாக்கி இருக்கு, அவனைத் திட்ட முடியாது. பிரிகேடியர்கிட்டயும் இருக்கு. வாத்தியார்கிட்ட என்ன இருக்கு? ஊரு அவரைப் பிடிச்சுக்கிச்சு. "ஒரு கிண்ணம் காப்பிக்கு ஊரை வித்தவன்." அந்தச் செவப்பு விரல் வேற! வாரக்கணக்கா அழியாம இருந்துச்சு. "பாருடா, ஓட்டே போடாம சாயம் வாங்கினவரு போறாரு"ன்னு பின்னாடியே கத்துவாங்க. கடைக்குப் போனா கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவாரு. ஷேக் நாஹி கண் கட்டோட திரும்பி வந்தாரு. அவரும் ஒண்ணும் சொல்லல. ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்.

எல்லாத்தையும் விட மோசம் ஹாதிம் பண்ணினதுதான். அவன் செஞ்ச பெட்டியாச்சே, அந்த ஆத்திரம். ஒரு நாள் வாத்தியார் முதீஃபுக்குள்ள வந்து உக்காந்ததும், ஹாதிம் என் கையிலேர்ந்து காப்பியை வாங்கி, குடிக்காம, டங்குனு தரையில வச்சான். கூட இருந்த பசங்களும் வச்சானுங்க. "வாத்தியாரே, எங்களுக்கும் ஒண்ணு வேணும். என்னன்னு கேக்காதீங்க, 'குடிங்க'ன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே!" எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. வாத்தியார் செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு. அப்புறம் முதீஃப் பக்கமே வரல.

ஆனா அவரு எங்க போனாருன்னு எனக்கு மட்டும் தெரியும். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாரு. "சாஸிப், உன் மோட்டார் சைக்கிள்ல என்னைப் பட்டாள முகாமுக்குக் கூட்டிட்டுப் போவியா? ஊருக்குச் சொல்லக் கூடாது. அவங்க வாசல்ல நான் பிச்சைக்கு நின்னேன்னு தெரிஞ்சா ஊருக்குத்தான் இன்னும் அசிங்கம்."

"சொல்ல மாட்டேன் சார்."

பழைய பேரீச்சம்பழ ஃபாக்டரிதான் முகாம். வாசல் தடுப்புல நான் முதல்ல பாத்தது எங்க ஊர் நெய் டின்னுங்களை. வாய் நெறைய மண்ணை ரொப்பி, குண்டு தாங்கறதுக்கு வரிசையா அடுக்கியிருந்தாங்க. மூடியில ஹாதிம் வெட்டின கோடு அப்படியே இருந்துச்சு. வாத்தியார் ஒரு டின்னைத் தொட்டுப் பாத்தாரு. சிப்பாய் கத்தினான். கையை எடுத்துட்டாரு.

பழைய கேப்டன் ஊருக்குப் போயாச்சு. புதுசு ஒருத்தன், சின்னப் பையன், வெயில்ல மூஞ்சி தக்காளி மாதிரி. மரியாதையாத்தான் நடந்துக்கிட்டான். காகிதக் கப்புல பாலும் சர்க்கரையும் போட்டுக் காப்பி கொடுத்தான். வாத்தியார் ரெண்டு கையாலயும் வாங்கி, அதை மேஜை மேல தனக்கு முன்னாடி வச்சுட்டு, நிமிந்து உக்காந்தாரு.

ஃபாதி அங்கதான் இருந்தான். இத்தனை மாசத்துல அவன் கத்துக்கிட்டிருந்தான் போல. முகம் வெளுத்துப் போச்சு. கேப்டன் காதுல ரொம்ப நேரம் சொன்னான். கேப்டன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"சொல்லிட்டேன் சார். அவரு 'ரொம்ப அழகான வழக்கம்'னு சொல்றாரு"ன்னான் ஃபாதி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

"என்ன வேணும்னு கேக்கலையா?"

"கேக்குறாரு."

"ஒரே ஒரு காலைப்பொழுது வேணும். எங்க டின்னுங்களைத் திருப்பிக் கொடுங்க. ஓட்டு நடக்கட்டும். ஜெயிக்கறவன் உங்களுக்குப் பிடிக்காதவனா இருக்கலாம், எனக்குந்தான் பிடிக்காது. அதை நாங்க பாத்துக்கறோம். அதுக்குப் பழகத்தான் ஓட்டே!"

கேப்டன் பொறுமையாப் பதில் சொன்னான். ஜனநாயகத்துக்கு நாள் ஆகும், முதல்ல கத்துக்கணும், அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல அதுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைக்கிறாங்க, வந்தா சர்டிஃபிகேட் உண்டு. சொல்லிட்டு அந்தக் கப்பைப் பாத்தான். ஆறி ஆடை கட்டியிருந்துச்சு. சிப்பாயைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். சிப்பாய் அதை எடுத்துக் குப்பையில போட்டுட்டு, வாத்தியார் முன்னாடி ஒரு பெப்சி டின்னை வச்சுட்டுப் போனான்.

திரும்பி வந்தோம். வீட்டு வாசல்ல எறங்கினப்ப, "அவன் கெட்டவன் இல்ல சாஸிப். கெட்டவனா இருந்தாக்கூடத் தேவல"ன்னாரு.

விட்டாரா? அதுக்கப்புறமும் போனாரு. திரும்பத் திரும்ப. உள்ளயே விட மாட்டாங்க. வாசல்ல, அந்த மண்ணு ரொப்பின டின்னுங்க பக்கத்துல நிப்பாரு. கண்ணை மூடறதுக்குள்ள ஓட்டு நடத்துவேன்னு ஊருக்குச் சொல்லியாச்சே! ஊரு மறந்துடுச்சு, அவரு மறக்கல. அந்தக் குளிர்காலத்துல ஒரு நாள் காலையிலேர்ந்து மழை. நான் வேணாம்னேன், கேக்கல. சாயங்காலம் வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நின்னாரு. வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு மார்ச்சளி. ஆஸ்பத்திரியில மருந்து இல்ல. மருந்து லாரி பிரிகேடியர் மச்சான்கிட்ட இருந்துச்சு. போய்ட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு ஊதா மை வந்துச்சு. எல்லாரும் போட்டோம், நானுந்தான். சீட்டுல ஆளு பேரு எங்க இருந்துச்சு? கட்சி நம்பர்தான். யாரு ஜெயிச்சாங்க? அதே மவுலவி. ஆனா இந்தத் தடவை அவரு கூடக் கறுப்புச் சட்டைப் பசங்க, ஆளுக்கொரு துப்பாக்கி. பிரிகேடியரும் அவரு கட்சியிலதான் இருந்தான். அடுத்த தடவை அவங்களை எறக்கணும்னு சொன்ன ஒருத்தன் கால்வாயில கெடந்தான். ரெண்டாயிரத்து மூணுல ஜெயிச்சிருந்தா மவுலவி வெறும் தலைப்பாகையோட வந்திருப்பாரு. கை பிடிச்சு உக்கார வைக்க வாத்தியார் இருந்தாரு, எறக்கறதுக்கும் இருந்தாரு.

இதெல்லாம் பின்னாடி. நான் சொல்ல வந்தது வாத்தியார் சாவுக்கு முதீஃப்ல உக்காந்ததை. ஊரே வந்துச்சு. உசுரோட இருந்தப்ப சலாம் சொன்னா வாய் திறக்காதவனெல்லாம் வந்து செத்தவருக்காகப் பாத்திஹா ஓதினான். நடுவுல ஷேக் நாஹி. நாணல் தட்டிக்கு அந்தப் பக்கம் நிஹாயா அண்ணியும் பொம்பளைங்களும். நான் ஊத்திக்கிட்டே வந்தேன். ஹாதிம் கிட்ட வந்தப்ப, கிண்ணத்துக்குக் கையை நீட்டிக்கிட்டே பக்கத்துலவன்கிட்ட சொல்றான்: "நல்ல மனுஷன்தான். என்ன, அந்த ஒரு தடவை ஊரை விட்டுக் கொடுத்துட்டாரு."

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "வாயை மூடுடா! உன் டின்னு எங்க இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?" எல்லாத்தையும் கொட்டிட்டேன். மோட்டார் சைக்கிள், முகாம் வாசல், காகிதக் கப்பு, பெப்சி, மழை. சொல்ல மாட்டேன்னு அவருக்குக் கொடுத்த சொல்லைக் காத்துல விட்டேன். நான் நிறுத்தினப்ப யாரும் தலை நிமிரல.

ஹாதிமுக்குக் கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தேன், வாங்கினான். அப்புறம் மெதுவா, சத்தமே வராம, அதைத் தனக்கு முன்னாடி தரையில வச்சான். நான் அடுத்தவருக்கு ஊத்தினேன். அவரும் வச்சாரு. அதுக்கடுத்தவர் அன்னைக்குச் சிரிச்சவர்ல ஒருத்தர். அவரும் வச்சாரு. கடைசிக் கிண்ணம் ஷேக் நாஹிக்குப் போச்சு, அவரும் கீழ வச்சாரு. என் கையில கிண்ணம் தீந்து போச்சு. அதுக்கப்புறம் யாருக்கும் ஊத்த வழியில்ல. எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

குடிங்கன்னு யாரு சொல்றது? வீட்டு ஆம்பிளை சொல்லணும். பையன் தொண்ணூத்தொண்ணுலயே போயிட்டான். ஷேக் சொல்ல முடியாது, அவரே கேட்டு நிக்கிற ஆளு. நான் தட்டிப் பக்கம் போனேன். "அண்ணி, மன்னிப்புக் கேட்டுக் கிண்ணத்தைக் கீழ வச்சிருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

நிஹாயா அண்ணி பேசினாங்க. சத்தமாவே பேசினாங்க, இந்தப் பக்கம் ஆம்பிளைங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"அவரு உசுரோட இருந்தப்ப வச்சிருந்தா, என்னன்னு கேக்காமலே 'குடிங்க'ன்னு சொல்லியிருப்பாரு. அது அவரு குணம், எனக்கு அது கிடையாது. கொட்டிடு சாஸிப்."

நான் திரும்பி வந்து, ஒவ்வொரு கிண்ணமா எடுத்து வாசல் மண்ணுல கொட்டினேன். கழுவிக் கவுத்து வச்சேன். அன்னைக்கு மிச்சம் இருந்தவங்க யாரும் காப்பி குடிக்காமதான் எந்திரிச்சுப் போனாங்க.